நாலு கோடு நோட்டில் எழுதிய தப்புகள்

இணையத்தில் எந்த டெவலப்பரைப் பின்தொடரலாம் என்று அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்டால், முன்பெல்லாம் என்னிடம் பதில் தயாராக இருக்கும். தன் தப்பைத் தானே வெளியில் சொல்கிறவர்களை மட்டும் பின்தொடருங்கள், மற்றவர்களைத் தூக்கிக் கடாசுங்கள் என்பேன். இப்போது யாருக்கும் அந்தப் பதிலைச் சொல்வதில்லை. கேட்டால், எனக்குத் தெரியாதுப்பா என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு எரிச்சல் தந்தவர்கள் வேறு வகை. மேஜை மேல் ஒரு தொட்டிச்செடி, பக்கத்தில் ஒரு காப்பிக் கோப்பை, 'காலை ஐந்து மணிக்கு எழுந்து நான் முடித்த பன்னிரண்டு வேலைகள்' என்று ஒரு பட்டியல். ஐந்து மணிக்கு நானும்தான் எழுகிறேன். மருமகள் ஐந்து மணிக்கு எழுந்தால் அதற்கு ப்ரொடக்டிவிட்டி என்று யாரும் பெயர் வைப்பதில்லை. அந்த மாதிரிப் பக்கங்களைப் பார்த்ததும் தள்ளிவிடுவேன். நான் விடாமல் படித்தது மூன்றே பேரை. காய்கறிக் கடையை உதாரணம் காட்டி டேட்டாபேஸ் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெரியவர். தன் திரையைக் காட்டிக்கொண்டே கம்ப்யூட்டர் கோடு எழுதி, தப்பு வந்தால் தலையில் அடித்துக்கொள்ளும் ஒரு பெண். மூன்றாவது, முகம் காட்டாத ஒரு பக்கம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர் மட்டும் இருக்கும். அந்த டம்ளரைத்தான் மூன்று பேரிலும் அதிகமாக நம்பினேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மகள் பிறந்து விடுப்பு முடிந்து திரும்பியதும் என்னை சப்போர்ட் டீமில் போட்டார்கள். யாரோ எழுதிய கோடு எங்கேயோ உடையும், உடைந்த இடத்துக்கு ஒட்டுப் போட வேண்டும். அவ்வளவுதான் சப்போர்ட். புதிதாக ஒன்றை முதல் வரியிலிருந்து எழுத விடமாட்டார்கள். ஆறு மாதத்தில் மாற்றிவிடுகிறோம் என்றவர்கள் ஆறு வருடம் ஆகியும் மாற்றவில்லை. எனக்குப் பதவி உயர்வு வேண்டாம், கண்ணாடி அறை வேண்டாம். காலியான ஒரு திரையில் என் கையால் முதல் வரி எழுத வேண்டும். அந்த ஒரு ஆசையைத்தான் மனதில் போட்டுக் குடைந்துகொண்டிருந்தேன்.

தப்பு நோட்டு அந்தக் காலத்தில் ஆரம்பித்ததுதான். மகளின் எல்.கே.ஜி. நாலு கோடு நோட்டு இரண்டு மூன்று மீந்துபோய்க் கிடந்தன. ஏ, பி, சி எழுதிப் பழகப் போட்ட கோடுகளுக்குள் நான் தமிழில் எழுதினேன். ஒரு நாளைக்கு ஒரு தப்பு. அடுத்தவர் தப்பை எழுதக்கூடாது, என் தப்பை மட்டும். திருப்போரூரில் கம்பெனி பஸ் ஏறி உட்கார்ந்ததும் நோட்டை எடுத்தால் கேளம்பாக்கம் வருவதற்குள் முடிந்துவிடும். கிருத்திகை அன்று மட்டும் கோயில் கூட்டத்தில் பஸ் நகராது. அன்றைக்கு நிதானமாக இரண்டு எழுதுவேன்.

'ஒரு வேலைக்கு ஒரு ஃபங்ஷன், ஒரு துண்டு கோடு. அதன் பெயரில் அண்ட் என்று வந்தால் அது இரண்டு வேலை செய்கிறது. நேற்று அதை இரண்டாக வெட்டாமல் விட்டேன். ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று போச்சு.' 'வேண்டாத வரியை அழிக்காமல், அப்புறம் உதவும் என்று மூடி வைத்தேன். இன்றைக்கு நானே அதைப் பார்த்துக் குழம்பினேன். வேண்டாததை அழி.' இப்படித்தான் இருக்கும். படித்தால் பெரிய ஞானம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒருமுறை எழுதிய தப்பை நான் மறுபடி செய்ததில்லை.

பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு எப்போதும் என் தோழிக்கு. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே டீமில் ஒட்டுப் போட்டோம். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலைக்குப் பக்கத்துத் தெரு அவளுடையது. காலையில் ஸ்கூட்டியில் திருப்போரூர் வந்து, தெரிந்த கடை வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறுவாள். கல்யாணம் ஆகவில்லை, அந்தப் பேச்சை எடுத்தால் 'இப்ப இன்னா அவசரம்' என்பாள். செங்கல்பட்டில் கான்வென்ட்டில் படித்தவள். இங்கிலீஷ் அவள் வாயில் தண்ணீர் பட்ட பாடு. நான் திருக்கழுக்குன்றம் அரசுப் பள்ளியில் படித்தவள். வெளிநாட்டு வாடிக்கையாளர் போனில் வந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கோளாறு எங்கே என்று நான் கண்டுபிடிப்பேன், அவள் பேசுவாள். அதில் எனக்கு ஒருநாளும் குறை தோன்றியதில்லை.

சனிக்கிழமைகளில் மாமல்லபுரத்தில் சந்திப்போம். லைட்ஹவுஸுக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சு எங்களுக்கு வாடிக்கை. பழக்கத்துக்காக வீட்டில் எழுதிய சின்னச் சின்ன ப்ரோகிராம்களைத் தாளில் எடுத்துக்கொண்டு போவோம். நான் எழுதியதை அவள் வாய்விட்டுப் படிப்பாள், அவள் எழுதியதை நான் படிப்பேன். நாக்கு எந்த இடத்தில் தடுக்குகிறதோ அந்த இடத்தில் பிசகு இருக்கும், பார்த்து வைத்த மாதிரி இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் இரண்டு பெண்கள் ஏதோ ஜெபம் பண்ணுகிறார்கள் என்று ஒதுங்கிப் போவார்கள். படித்து முடித்ததும் என் தப்பு நோட்டைப் பிடுங்கி, அந்த வாரத்துத் தப்புகளைப் படித்துச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நோட்டு தீர்ந்ததும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போவாள்.

"குடுடி, நீ பண்ண தப்ப நான் பண்ணாம இருக்கணும்ல."

இரண்டு நோட்டுகள் அப்படி அவள் வீட்டுக்குப் போயின. யாராவது என் எழுத்தை வேண்டும் என்று கேட்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது அந்த டம்ளர் பக்கத்துக்கு வருகிறேன். எழுத்து இங்கிலீஷில், நறுக்கென்று, ஒரு சொல் மிகையில்லாமல் இருக்கும். ஒவ்வொன்றும் தன் தப்பைச் சொல்லும். பெயரில் 'அண்ட்' வந்தால் வெட்டு என்று ஒருநாள் வந்தது. வாய்விட்டுப் படி என்று ஒருநாள் வந்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மேலெல்லாம் சிலிர்க்கும். அட, நம்மை மாதிரியே யோசிக்கிற ஜென்மம் ஒன்று இருக்கிறதே என்று. என் யோசனைகள் தமிழில், மஞ்சள் கறை பட்ட நோட்டில், கிறுக்கல் எழுத்தில் இருந்தன. சலவைக்குப் போட்டு இஸ்திரி பண்ணி வந்த துணி மாதிரி இங்கிலீஷில் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல டெவலப்பர்கள் எல்லோருக்கும் இது தோன்றும்போல, அப்படியானால் நானும் நல்ல டெவலப்பர்தான் என்று சந்தோஷப்பட்டேன். முட்டாள்தனம் என்றால் இதுதான். பக்கத்துச் சீட்டில் இருந்தவளிடம் போனை நீட்டி, "பாருடி, நான் சொன்னதையே சொல்லிகினு கீறா" என்பேன். "ஆமால்ல" என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

ஒருநாள் அந்தப் பக்கத்தில் வந்த எழுத்தில் வேலையே இல்லை. அலுவலகக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததாகவும், அழுதது தப்பில்லை, நான் சரியில்லை என்று யாரிடமும் சொல்லாததுதான் தப்பு என்றும் இருந்தது. நானும் அப்படிக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள்தான். எந்தப் பெண்தான் அழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அங்கே ஒரு பதில் எழுதினேன், தமிழில், என் பெயரோடு. 'அழுதுடுங்க, ஆனா தனியா அழாதீங்க. உங்களுக்குன்னு நல்ல தோழி ஒருத்தி இருப்பா, அவகிட்ட சொல்லுங்க.' கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. 'இருக்கா.' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அன்று முழுக்க எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், வீடு போன்ற ஒரு கட்டடத்தில் ஒரு சின்ன கம்பெனி புதிதாக ஒன்றை முதலிலிருந்து எழுத ஆள் தேடுகிறது என்று தெரிந்ததும் மனு போட்டேன். கோடு எழுதும் சுற்றில் தேறிவிட்டேன். கடைசியில் ஒரு பேச்சு, அவ்வளவுதான் பாக்கி. முந்தின சனிக்கிழமை பெஞ்சில் அவளை எதிரே உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். நீங்களாகக் கண்டுபிடித்த பழக்கம் ஒன்று சொல்லுங்கள் என்று அந்தக் கம்பெனியில் எல்லோரிடமும் கேட்பார்களாம். அதற்கு என்னிடம் கோலமாவு டப்பா கதை இருந்தது.

அது என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் நடந்தது. கழுக்குன்றத்தில் எங்கள் அம்மா பால் பவுடர் டப்பாவில்தான் கோலமாவு வைத்திருப்பாள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் டப்பாவை மாற்றவில்லை. அன்றைக்கு வைத்திருந்த பால் திரிந்துவிட்டது. ஒத்தாசைக்கு வந்த சித்தி அவசரத்தில் அந்த டப்பாவை எடுத்து டீ போட்டுவிட்டாள். மாப்பிள்ளை டம்ளர் டீ முழுவதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். கல்யாணம் முடிந்து கேட்டதற்கு, "மணல் மாரி இருந்துச்சி. மலை பக்கத்து ஊரு, இங்க டீ இப்டித்தான் போலன்னு நெனச்சேன்" என்றார். கோடில் ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பா ஞாபகம் வரும். உள்ளே இருப்பது மாறினால் மேலே இருக்கும் பெயரை அன்றைக்கே மாற்று. உனக்குத் தெரியும் என்பது கணக்கில்லை, நாளைக்கு டீ போடப்போவது உன் சித்தி. இதை முதல் நோட்டிலேயே எழுதியிருந்தேன்.

"இதச் சொல்லட்டுமாடி?" என்று கேட்டேன்.

அவள் சுண்டல் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "சூப்பரா கீது, அதையே சொல்லு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை போனேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மூன்று நாளாக இணையம் பக்கமே போகவில்லை. எதிரே இரண்டு பேர். நரைத்த தலையோடு ஒருவர், அவர் பக்கத்தில் இளம்பெண் ஒருத்தி. எதிர்பார்த்த கேள்வி வந்தது. எனக்குப் பயம் போய்விட்டது, பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னேன். சித்தி டப்பாவை எடுக்கிற இடத்தில் சிரிப்பார்கள் என்று நிறுத்தினேன். சிரிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். டம்ளர் பக்கம். முந்தின நாள் காலையில் வந்த எழுத்து. என் அம்மா வீட்டு டப்பா, திரிந்த பால், சித்தி, எல்லாம் வரிசையாக இருந்தன. 'என் கணவர் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்து முடித்தார்' என்று கடைசி வரி.

"நாங்களும் அந்தப் பக்கத்தப் படிக்கறோம்மா" என்றார் பெரியவர். கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். "படிச்சத சொன்னா தப்பே இல்ல. உங்களோடதுன்னு சொன்னீங்க பாருங்க, அதான் கஷ்டமா இருக்கு."

"அது என் கல்யாணம் சார்" என்றேன்.

அவர் புன்னகை செய்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளை மேலும் சங்கடப்படுத்த வேண்டாம் என்று செய்கிற புன்னகை அது. என் கல்யாணத்தை நானே காப்பியடித்ததாக ஒரு மேஜையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று இன்றைக்கு வரை ஞாபகம் இல்லை.

வெளியே வந்து சாலையில் நின்றபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தக் கதை தெரிந்தவர்கள் என் வீட்டார், என் கணவர் வீட்டார், அப்புறம் அந்த நோட்டு. நோட்டு யாரிடம் இருக்கிறது என்று யோசிக்கவே தேவையில்லை. கைகாட்டி பஸ்ஸை நிறுத்தி நெம்மேலிக்கு டிக்கெட் கேட்டேன்.

அவளுக்கு அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. கதவைத் திறந்தாள், காதில் ஹெட்போன் தொங்கியது.

"அந்தப் பக்கம் யாருது?" என்றேன்.

எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றாள். எனக்கு அதுவே போதும்.

"சனிக்கிழம உன் எதுர்லதான சொன்னேன்? அதையே சொல்லுன்னு வேற சொன்னியே."

"ரெண்டு வாரம் முன்னாடியே எழுதி வரிசைல போட்டு வெச்சிட்டேன்டி. நாள் வந்தா அது தானா போயிடும்."

"ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா? இல்ல, வேற கத சொல்லுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். ஒரு வருசமா ஒரு நாள் உடாம போட்டுகினு கீறேன். அன்னிக்கி போட வேற எதுவும் இல்ல, நடுவுல ஒரு நாள் உட மனசு வரல. உங்கிட்ட சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். அவங்க எங்க அதெல்லாம் படிக்கப் போறாங்கன்னு உட்டுட்டேன்."

விடாத பழக்கம் வேண்டும் என்று நான்தான் நோட்டில் எழுதியிருந்தேன். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு மடங்கு கஷ்டம் என்று. அதையும் நன்றாகப் படித்திருக்கிறாள்.

அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. "எதுக்கு இப்டிப் பாக்கற? நீ கண்டுபுடிப்ப, நான் பேசுவேன், எப்பவும் அப்டித்தான? போன்ல பேசும்போது ஒருநாளாச்சும் கோச்சிக்கினியா? இங்கிலீஷ்ல எழுத உனக்கு வந்துச்சின்னா நீயே போட்டிருப்ப. உன் நோட்டுலயே கெடந்தா அது யாருக்குடி தெரியும்?"

பளார் என்று அறைந்திருக்கலாம். கை எழவில்லை. அவள் சொன்னதில் இங்கிலீஷ் விஷயம் உண்மை என்பதுதான் கையைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். "என் நோட்ட குடு" என்றேன். உள்ளே போய் இரண்டையும் எடுத்து வந்து கொடுத்தாள். அழுக்கில்லாமல், பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். என்னிடம் இருந்தவரை அவற்றுக்கு உறை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கோலமாவுப் பக்கத்தைப் படம் எடுத்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பினேன். தமிழிலேயே நாலு வரி எழுதினேன், அந்தப் பக்கம் யாருடையது என்று சொல்லவில்லை, இது என் கையெழுத்து என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பெரியவர் பதில் போட்டார். நோட்டைப் பார்த்து நம்புவதாகவும், வருத்தப்படுவதாகவும், ஆனால் அந்த இடத்துக்கு அதற்குள் ஆள் எடுத்துவிட்டதாகவும் இருந்தது. நம்பினாரே, அதுவரைக்கும் சரி. முதல் வரியை இப்போது வேறு யாரோ எழுதியிருப்பார்கள்.

சப்போர்ட் டீமில்தான் இன்னும் இருக்கிறேன். பஸ்ஸில் சீட்டை மாற்றிக்கொண்டேன். வாடிக்கையாளர் போன் வந்தால் தட்டுத் தடுமாறி நானே பேசுகிறேன், அவர்கள் பொறுமையாகத்தான் கேட்கிறார்கள். இதை ஆறு வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

நோட்டுகளைக் கொஞ்ச நாள் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் எழுதக் காகிதம் கேட்டபோது எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு தப்புக்குப் பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு டிக். போட்டு முடித்ததற்கு அடையாளம். நேர்த்தியான வேலைக்காரி, ஒரு பக்கம் விடவில்லை. இரண்டாவது நோட்டின் நடுவில், மை பரவிய ஓர் இடத்தில் என் கையெழுத்து கோணலாக இருந்தது. எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. 'பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் தப்பு.' அதற்குப் பக்கத்திலும் ஒரு டிக்.

யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதிய நோட்டை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். அவள் அதைப் படித்திருக்கிறாள். என்ன ஆச்சு என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனை எடுத்து டம்ளர் பக்கத்தைத் திறந்து, அந்த நாள் வரைக்கும் தள்ளித் தள்ளிப் போனேன். ஊர்ப்பட்ட பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். நடுவில் என் பெயர், 'உங்களுக்குன்னு நல்ல தோழி ஒருத்தி இருப்பா' என்ற என் வரி, அதற்குக் கீழே 'இருக்கா', அந்தச் சிவப்பு இதயம். அந்தப் பக்கம் முழுக்க என் எழுத்துதான், ஆனால் என் பெயரோடு இருந்தது அந்த ஒரு வரிதான். அதை அழித்துவிட்டேன்.